வளர்ந்த கார்களும் வளராத தெருக்களும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மாருதி 800 என்னும் சின்னஞ்சிறு கார் இன்று சங்கரன்கோவில் தெருக்களில் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. பட்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். "ஓட்டைக் காரைப் பார்த்து என்னடா ஏக்கம்?" என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். ஏக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. அக்கணக்கை மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் இம்மலரின் வாயிலாக வைக்க விழைகிறேன்.

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் டெல்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். பெயர் நம்முடையது, பிறப்போ ஜப்பானியச் சுசுகி நிறுவனத்துடையது. 796 சி.சி. எஞ்சின், மூன்றே சிலிண்டர்கள், ஏறத்தாழ 650 கிலோ எடை. ஜப்பானில் நெருக்கமான ஊர்களுக்கென்றே 'கெய்' என்னும் சிறு கார் வகைக்குச் சட்டம் வகுத்திருக்கிறார்கள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, எஞ்சின் இவ்வளவு என்று மூன்றுக்கும் வரம்பு உண்டு. அந்த அச்சில் வார்த்த வண்டிதான் நமக்கு வந்தது. அம்பாசடரும் பத்மினியும் பணக்கார வீட்டு வாசல்களில் நின்ற காலத்தில், பள்ளி ஆசிரியரும் பலசரக்குக் கடைக்காரரும் கார் வாங்கலாம் என்ற துணிவை அளித்தது அது. 2010இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் புதிய புகை விதிகள் வந்தபோது அங்கெல்லாம் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றுபோனது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் வெள்ளை நிற மாருதி 800. என் அக்காவைத் தலைப்பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனது அதுதான். நள்ளிரவில் வீட்டுப் படிக்கட்டை ஒட்டியே வந்து நின்றது. விசைத்தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெரு, குறுகிய இடத்தில் 12 அடி அகலம். நானே நாடா பிடித்து அளந்தேன். மீட்டரில் 3.66.

இப்போது காரின் அளவைப் பாருங்கள். மாருதி 800 அகலம் 1.44 மீட்டர். அதே நிறுவனம் இன்று விற்கும் பிரெஸ்ஸாவின் அகலம் 1.79 மீட்டர். 'பெரிய கார்' என்று நாம் வாய்பிளந்து பார்த்த அம்பாசடரைக்கூட அது மிஞ்சிவிட்டது! இது உலகம் முழுவதும் நடந்த கதைதான். 1966இல் பிறந்த டொயோட்டா கொரோலா ஒன்றரை மீட்டர் அகலம்கூட இல்லை; 1972இன் ஹோண்டா சிவிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அதே பெயர்களில் இன்று வருபவை 1.8 மீட்டரை எட்டிவிட்டன. பெயர் மாறவில்லை, உடம்புதான் பெருத்துவிட்டது.

எங்கள் தெருவில் இரண்டு மாருதி 800 எதிரெதிரே வந்தால் 78 சென்டிமீட்டர் மீதமிருக்கும். சுவரோரம் ஓர் ஆள் ஒதுங்கி நிற்கலாம். இரண்டு பிரெஸ்ஸா வந்தால் மீதம் 8 சென்டிமீட்டர். பக்கக் கண்ணாடிகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. என் அப்பா சேலைக் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிறவர். கார் வந்தால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சாக்கடைக் கல்லின்மேல் ஏறி நிற்கிறார். சந்து முனையில் பூ விற்கும் ஆச்சி கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஆடித்தபசுக் கூட்டத்தின்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். தேரோடும் ரத வீதிகளை நம் முன்னோர் அகலமாகத்தான் அமைத்தார்கள். நாம் குடியிருப்பதோ அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில்.

"கார் பெருத்தது பாதுகாப்புக்காக அல்லவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இயற்பியல் படிப்பவன் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மோதலின் விசை உள்ளே இருப்பவரைத் தாக்காமலிருக்க, நசுங்கிக்கொடுக்க இடம் வேண்டும். 800இன் வாரிசான ஆல்ட்டோ 800, 2014இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பழைய காரையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஜப்பானியர் 1998இல் பாதுகாப்புக்காகத் தங்கள் கெய் காரின் வரம்பைத் தளர்த்தியபோது அகலத்தில் எவ்வளவு கூட்டினார்கள் தெரியுமா? 8 சென்டிமீட்டர். 1.40 என்பது 1.48 ஆயிற்று, அவ்வளவுதான். நம்மிடம் கூடியிருப்பது 35. எஞ்சிய 27 சென்டிமீட்டரும் பாதுகாப்புக்கா, பகட்டுக்கா? அதோடு, உள்ளே அமர்ந்தவரின் பாதுகாப்பு மட்டும்தான் பாதுகாப்பா? ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அதே வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் 650 கிலோ வண்டியினுடையதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடுகிறது. சாக்கடைக் கல்லின்மேல் நிற்பவருக்குக் காற்றுப்பை கிடையாது.

குறை நம் சட்டத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறு கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். சிறு கார் என்பதற்கு இலக்கணம், நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள் என்பது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோதும் அதே அளவுகோல்தான்: உள்ளே அடங்கினால் 18 சதவீதம், மீறினால் 40. அகலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நிறுவனங்கள் என்ன செய்யும்? நீளத்தை 3.995 மீட்டரில் கச்சிதமாக நிறுத்திக்கொண்டு பக்கவாட்டிலும் உயரத்திலும் வளர்கின்றன. பிரெஸ்ஸாவின் நீளம் சரியாக அதுவே! எஞ்சின் பெரிதாக இருப்பதால் சில மாதிரிகளுக்குச் சலுகை கிடைக்காது என்பது வேறு விஷயம். சந்தில் இடிப்பது நீளமா, அகலமா? சட்டம் எழுதியவர்கள் அகலச் சாலைகளில் வசிப்பவர்கள் போலும்.

சலுகை பெறும் சிறு காருக்கு 1.65 மீட்டர் என்று ஓர் அகல வரம்பும் வைக்கட்டும். ஆல்ட்டோ கே10 1.49 மீட்டர், வேகன் ஆர் 1.62 மீட்டர், இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். ஆல்ட்டோவில் 2025 முதல் ஆறு காற்றுப்பைகளும் வைக்கிறார்கள். அகலமான கார்தான் வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குரிய வரியைக் கட்டட்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வேலை கிடைத்தால் ஒருநாள் நானும் கார் வாங்குவேன். அது எங்கள் வீட்டுப் படிக்கட்டு வரை வர வேண்டும். எதிரே அப்பா சைக்கிளில் வந்தால் அவர் இறங்காமல் போக வேண்டும்.