சுவருக்குள் இருக்கும் ஈரத்தைக் கேமரா காட்டுமா?

‘‘எங்கள் ஒட்டுவீடு கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. விதைநெல் அடுக்கிவைக்கும் அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மேல் ஈரம் கோக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பழுது பார்க்க வந்தவர், கைபேசியில் செருகிய தெர்மல் கேமராவில் சுவர் நீலமாகத் தெரிவதைக் காட்டி, ‘மொட்டைமாடித் தளம் முழுவதையும் உடைத்துப் போட வேண்டும்’ என்கிறார். அவர் கேட்கும் தொகைக்கு இந்தப் போக நெல் விற்ற பணம் முழுவதும் போய்விடும். அந்தப் படத்தை நம்பலாமா?’’

– வாசகர், தர்மபுரி மாவட்டம்

படம் பொய் சொல்லாது. ஆனால், அது சொல்லாததையும் சேர்த்து அவர் சொல்கிறாரோ என்று தோன்றுகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

தெர்மல் கேமரா, எக்ஸ்ரே போலச் சுவரை ஊடுருவிப் பார்க்காது. எல்லாப் பொருள்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வெளிவருகின்றன. அதை அளந்து, சுவரின் மேற்பரப்பில் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று நிறமாகக் காட்டும். அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரச்சுவரும் அப்படித்தான், சுற்றியுள்ள இடத்தைவிடக் குளிர்ந்து, திரையில் நீலமாகத் தெரியும்.

ஆனால், வெளுத்ததெல்லாம் பாலல்ல; நீலமாகத் தெரிவதெல்லாம் ஈரமும் அல்ல. மரநிழல் விழும் சுவர், கான்கிரீட் தூண், மூட்டை அடுக்கியிருந்து அப்போதுதான் நகர்த்திய இடம் எல்லாமே நிறம் மாறித் தெரியும். எவர்சில்வர், தகரம், கண்ணாடி போன்ற பளபளப்பான பரப்புகள் எதிரில் நிற்பவரின் உடல்சூட்டையே திருப்பிக் காட்டும். அது ஈரமாகவே இருந்தாலும், தண்ணீர் மாடியிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று கேமராவுக்குத் தெரியாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

காலத்தைக் கவனியுங்கள்: மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் கூடினால், மாடி அல்லது வெளிச்சுவர் மீது சந்தேகப்படலாம். கோடையிலும் குறையவில்லை என்றால், குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் 3 அடிக்குள் நின்றுவிடும்.

குழாய்: இரவு மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாயைச் சோதிக்க, சொட்டு நீலம் கரைத்த தண்ணீரைக் குளியலறையில் ஊற்றி, சுவரில் நிறம் தெரிகிறதா என்று ஓரிரு நாள் பாருங்கள்.

மாடி: மழையில்லாத நாளில் மாடியின் நீர்ப்போக்கியை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிவையுங்கள். கீழே ஈரம் கூடவில்லை என்றால், மாடியை உடைக்க அவசரம் இல்லை. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளில் இந்தச் சோதனை வேண்டாம்.

இந்தச் சோதனைகளோடு சேரும்போதுதான் கேமரா உண்மையாக உதவும். தண்ணீர் தேக்குவதற்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நீலப்பகுதி பரவியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஈரமானி வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். மாடித் தளத்தைப் படம் எடுப்பதென்றால், நல்ல வெயில் அடித்த நாளில் பொழுது சாய்ந்த பிறகு எடுக்க வேண்டும். வெயில் பட்ட தொட்டித் தண்ணீர் இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதுபோல, தளத்துக்குள் நீர் தேங்கிய இடம் மட்டும் சூடு ஆறாமல் தனியாகத் தெரியும். இதற்கெல்லாம் சம்மதிக்காதவர் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

முடிவு தெரியும்வரை விதைநெல்லை அந்த அறையில் வைக்காதீர்கள். வேறு இடத்தில் மரப்பலகைமீது, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவிகிதத்தைத் தாண்டினால் முளைப்புத்திறன் குறையும். சுவரை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம். விதை போனால் பட்டம் போய்விடும்.

‘‘மோட்டார் அறை ஸ்டார்ட்டர் பெட்டியில் தீய்ந்த வாடை வருகிறது. அதற்கும் இந்தக் கேமரா உதவுமா?’’

– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

நன்றாக உதவும். ஒயர் இணைப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். மோட்டார் ஓடும்போது படம் எடுத்தால், மூன்று ஃபேஸ்களில் ஒன்றின் இணைப்பு மட்டும் அதிகச் சூடாக இருப்பது பளிச்சென்று தெரியும். மோட்டார் நின்றிருக்கும்போது எடுத்த படத்தால் பயனில்லை. ஆனால், உங்களுக்கு வாடையே வந்துவிட்டது. இனி கேமராவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து இணைப்புகளைச் சரிபாருங்கள். அதுவரை மோட்டாரை ஓட்டாதீர்கள். பெட்டியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம்.