பெயர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கா?

சென்னைக்குத் தெற்கே, தொடர்வண்டிப் பாதையின் ஓரத்தில், குன்றுகள் சூழ அமைந்திருக்கிறது பல்லாவரம். 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட புறநகர். நாள்தோறும் அங்கிருந்து நகருக்குச் சென்று திரும்புவோர் எண்ணற்றோர். அவர்களுள் ஒருவரை நிறுத்தி, "உம் ஊரின் வரலாறு யாது?" என்று கேட்டால், பல்லவன் என்பார், பாண்டவர் என்பார். பாறையை உடைத்தவனைச் சொல்வாரா? தோலைப் பதப்படுத்தியவனைச் சொல்வாரா? மன்னன் பெயரும் மாயக் கதையுமே ஊர் வரலாறு என்று மன நிறைவு கொள்ளும் இந்த வழக்கத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி! அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்குள்ளவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. முடியும் இல்லை, மடமும் இல்லை, வேதமும் இல்லை, வேள்வியும் இல்லை. அந்நாளிலேயே இவ்வட்டாரத்தில் கை இருந்தது, கருத்து இருந்தது, கருவி இருந்தது!

நெடுங்காலம் கழித்து வந்தோர் சுடுமண்ணால் பேழை வனைந்து, அதற்குக் கால்களும் அமைத்து, இறந்தோரை அடக்கம் செய்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ அத்தகைய பேழையை இங்கே அகழ்ந்தெடுத்தார். இத்தகைய பெருங்கற்கால ஈமக்குழிகளுக்கு நாட்டு வழக்கில் என்ன பெயர்? பாண்டவர் குழி! 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே குகைக்கோயில் குடைவித்தான். தன் பட்டப்பெயர்களைப் பாறையில் பொறித்தும் வைத்தான். இன்று இசுலாமியர் வழிபடும் அவ்விடம் இருக்கும் குன்றுக்கு என்ன பெயர்? பஞ்சபாண்டவர் மலை! வனைந்தவன் தமிழன், குடைந்தவன் தமிழன். புகழ் மட்டும் அத்தினாபுரத்து ஐவருக்கா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வட்டாரம் வானவன் மாதேவிச் சதுர்வேதிமங்கலம். அரசிக்குப் பெயர் உண்டு, நான்மறையாளர்க்குப் பெயர் உண்டு, ஏர் பிடித்தவனுக்கு?

வெள்ளையன் வந்தும் வழக்கம் மாறவில்லை. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்கு உலக நிலவியல் நூல்களில் சார்னோகைட்டு என்று பெயர். கல்கத்தாவில் சாப் சார்னாக்கு என்ற வணிகக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கல் இவ்வினத்தைச் சேர்ந்தது என்று 1893இல் ஆராய்ந்த தாமசு ஆலந்து சூட்டிய பெயர் அது. கல்லை வெட்டிச் சுமந்தவன் பெயரன்று. அதன் கீழே படுத்துறங்குபவன் பெயர்! பக்கத்துக் குரோம்பேட்டைக்கோ, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை பெயர் தந்தது. நாற்றத்திலும் நஞ்சிலும் நின்று உழைத்தவர் பெயர் எந்தத் தெருவில் இருக்கிறது?

"பழங்கதைதானே, அதனால் என்ன கேடு?" என்பார் சிலர். கேடு உண்டு! அரிய செயலெல்லாம் காவிய நாயகர் செய்தவை என்று நம்பும் பிள்ளை, தன் பாட்டன் கையால் எதுவும் ஆகாது என்றும் நம்பிவிடும். ஈமப்பேழை புதைந்த மண் அதன் கண்ணுக்கு வெறும் வீட்டுமனையாகத் தெரியும். வரலாறு தெரியாத ஊரில் சான்றை அழிக்கப் பகைவன் வேண்டியதில்லை, நாமே போதும்.

பெயரை மீட்க முடியாதா? முடியும். 1911இல் இப்பல்லாவரத்தில் குடியேறிய வேதாசலம், மறைமலை ஆனார். தனித்தமிழ் இயக்கம் கண்டார். பெயர் மாற்றம் வெறும் எழுத்து மாற்றமன்று, எண்ண மாற்றம் என்று வாழ்ந்து காட்டினார்.

இளைஞர்களே! விடுமுறை நாளில் குன்றேறுங்கள். கல்குவாரியில் உளி பிடித்த முதியவரையும், தோல் தொழிற்சாலையில் தேய்ந்த தாயையும் கண்டு கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். அருங்காட்சியகத்தில் அந்தக் கைக்கோடரிகளைக் கண்டால் உற்று நோக்குங்கள். அவற்றில் எந்தப் பட்டப்பெயரும் இல்லை. உழைத்தவனின் கைத்தடம் இருக்கிறது. அதுவே நம் ஊரின் முதல் கல்வெட்டு!