எல்லாமே ‘மின்கசிவு’ இல்லை: எம்.சி.பி.யில் இருக்கும் அந்த இரண்டாவது நம்பரைப் பார்த்திருக்கிறீர்களா?

குடோன் எரிந்தாலும், ஜவுளிக்கடை எரிந்தாலும், அப்பார்ட்மென்ட் மீட்டர் போர்டு எரிந்தாலும் தமிழ்ச் செய்திகளில் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன.

கசிவு என்பது ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறதே, அது. மில்லி ஆம்பியர் கணக்கு. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதற்குள் துண்டித்துவிடுவதுதான் வீட்டு ஆர்.சி.சி.பி.யின் வேலை. ஷார்ட் சர்க்கியூட் வேறு ரகம். பேஸும் நியூட்ரலும் நேரடியாக முட்டிக்கொண்டால் பாய்வது மில்லி ஆம்பியர் இல்லை, ஆயிரக்கணக்கான ஆம்பியர். இன்ஜினியர்கள் இதை ‘ஃபால்ட் கரன்ட்’ என்கிறார்கள். தமிழில் பழுது மின்னோட்டம் என்று சொல்லலாம்.

இப்போது உங்கள் வீட்டு எம்.சி.பி.யைப் பாருங்கள். ‘சி16’, ‘சி32’ என்று பெரிதாக இருக்கும். ஏ.சி. போட வரும் எலக்ட்ரீஷியன் கேட்பது அதைத்தான். அருகிலேயே ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. எவ்வளவு பெரிய ஷார்ட் வந்தாலும் பத்திரமாகத் துண்டிக்க முடியும் என்பதற்கான உச்ச வரம்பு, ஆம்பியரில், அந்த எண்தான். அதைத் தாண்டினால் பிரேக்கருக்குள் எழும் தீப்பொறி வளைவு அணையாது. கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளலாம், பெட்டியே வெடித்துச் சிதறலாம். அதாவது காப்பாற்ற வைத்த பொருளே தீயின் தொடக்கமாகிவிடும்.

சரி, உங்கள் கட்டடத்தில் அதிகபட்சம் எவ்வளவு பாயும்? கணக்கு ரொம்ப எளிது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 250 கே.வி.ஏ., 433 வோல்ட் என்றால், முழு லோடில் அது தருவது சுமார் 333 ஆம்பியர். அதன் பெயர்ப்பலகையில் இம்பிடன்ஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். இந்த அளவு டிரான்ஸ்பார்மருக்குப் பொதுவாக 4.5. முழு லோடு கரன்ட்டை 0.045ஆல் வகுத்தால் 7,400 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரின் வாயிலேயே ஷார்ட் ஆனால் பாயக்கூடிய உச்சம் இதுதான். கீழ்த்தளப் பேனலில் 10,000 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் கவலை இல்லை.

சில வருடம் கழித்து எல்லா வீட்டிலும் ரெண்டு ஏ.சி., பார்க்கிங்கில் நாலு இ.வி. சார்ஜர். லோடு தாங்கவில்லை என்று டிரான்ஸ்பார்மர் 500 கே.வி.ஏ. ஆகிறது. வோல்டேஜ் சீரானது, அசோசியேஷன் குரூப்பில் கைதட்டல் எமோஜி. ஆனால் அதே கணக்கைத் திரும்பப் போட்டால் பழுது மின்னோட்டம் இப்போது 14,800 ஆம்பியர். ஒரு ஸ்விட்சைக்கூட யாரும் தொடவில்லை, ஆனாலும் நேற்றுவரை சரியாக இருந்த பிரேக்கர் இன்று போதாது. பஸ்பார்களைப் பிய்த்தெறியும் விசையும் கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். கரன்ட் இரண்டு மடங்கு என்றால் விசை நான்கு மடங்கு.

ஐந்தாவது மாடி ஃப்ளாட்டில் இருப்பவர் பதற வேண்டாம். வயரின் நீளமே ஒரு தடுப்பு. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 50 மீட்டர் ஓடி வந்தால், அங்கே ஷார்ட்டில் பாய்வது சுமார் 2,000 ஆம்பியர்தான். ஆபத்து முழுக்க கீழே, மீட்டர் போர்டிலும் மெயின் பேனலிலும். பைக்குகளும் பழைய சோஃபாவும் அட்டைப்பெட்டியும் அடைந்து கிடக்கும் அதே இடம்.

குறைக்க வழி உண்டு. எச்.ஆர்.சி. ஃப்யூஸ் பெரிய ஷார்ட் வந்தால் அரை சைக்கிளுக்குள், அதாவது 10 மில்லி செகண்டுக்குள், உருகிவிடும். கரன்ட் தன் உச்சத்தைத் தொடவே விடாது. (பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் செம்புக் கம்பியை ரெண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுவது இதற்கு நேர் எதிர் வேலை.) இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்தால் இணைக்காமல் தனித்தனியாக ஓட்டலாம். இணைத்தால் பழுது மின்னோட்டமும் கூடிவிடும்.

மின்தொகுப்பிலும் இதே தலைவலிதான், அளவு மட்டும் பெரிது. புதிய துணைமின் நிலையத்தில் பழுது மின்னோட்டம், அதன் நிர்ணயிக்கப்பட்ட தாங்கும் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேடு. தாண்டும் இடங்களில் பஸ்பாரைப் பிரிக்கலாம், ரியாக்டர் சேர்க்கலாம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014இல் ஒரு கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிளோடு மீக்கடத்தி லிமிட்டரையும் சேர்த்தே ஓட்டத் தொடங்கினார்கள். ஷார்ட் வந்தால் மீக்கடத்தும் தன்மையை இழந்து, தானே தடையாகிவிடும் சாதனம் அது.

குறைந்தால் நல்லதுதானே என்றால், அப்படியும் இல்லை. சி16 எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். சோலார் இன்வெர்ட்டர் தன் திறனுக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். கரன்ட் போய் அதை மட்டும் நம்பி ஓடும்போது ஷார்ட் ஆனால், எம்.சி.பி. அசையாமல் நிற்கக்கூடும்.

ஆக, உச்சமும் தெரிய வேண்டும், குறைந்தபட்சமும் தெரிய வேண்டும். ஆனால் ஒரு சாதாரண அடுக்குமாடியில் இந்த எண்ணைத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பில்டர் கைமாற்றிவிட்டுப் போய்விடுகிறார், மின்வாரியத்தின் கவனம் டிரான்ஸ்பார்மரோடு முடிகிறது, அசோசியேஷனுக்கு பில் தொகைதான் கண்ணில் படுகிறது. டிரான்ஸ்பார்மர் திறன் கூட்டப்படும் ஒவ்வொரு முறையும் புதிய பழுது மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, மெயின் பேனல் கதவில் எழுதி ஒட்டுவதைக் கட்டாயமாக்கினால் செலவு ஒரு ஸ்டிக்கர்தான். அது வரும்வரை, பெரிய பிரேக்கரில் ‘ஐ.சி.யு.’ என்ற எழுத்துகளுக்கு எதிரே இருக்கும் எண்ணை எலக்ட்ரீஷியனிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி ஐ.சி.யு. இல்லை, பிரேக்கரின் துண்டிக்கும் திறன். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேனலில் அவர் “10 கிலோ ஆம்பியர்” என்று படித்தால், அந்த மாத மீட்டிங்கில் பெயின்ட் விஷயத்தைத் தள்ளி வைக்கலாம்.