பூத்துக்குளிக்கு யார் விலை சொல்வது?

மார்கழி பிறந்தால் எங்கள் திருவள்ளூர் மணவாள நகரில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் தோளில் சால்வை ஏறிவிடும். அண்மையில் ஒரு நடைபாதைக் கடையில் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கோலம் போட்ட சால்வை தொங்கியது. "ஊட்டி தோடா மாடல் சார்" என்றார் கடைக்காரர். புரட்டினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அத்தனையும் அச்சு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மொத்தக்கடையில் கொடுத்ததை விற்கிறார்.

நீலகிரித் தோடர் பெண்களின் பூவேலைக்கு வரைந்த படமும் கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் கிடையாது. இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஏறும். இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். துணி சமவெளித் தறியில் நெய்தது, நூல் காசுக்கு வாங்கியது. அந்த எண்ணிக்கைக் கணக்குதான் அவர்களுடையது. அதைத் தாயிடமிருந்து மகள் கற்கிறாள். இந்தப் பூவேலை செய்த சால்வைதான் பூத்துக்குளி. விசேஷத்துக்குப் போர்த்தும் அதையே இறந்தவர் உடல்மீதும் போர்த்துகிறார்கள். தோடர்கள் மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்.

2013-இல் இந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது காப்பது பெயரை. பெயரைச் சொல்லாமல் கோலத்தை மட்டும் எடுத்துக்கொள்பவரை என்ன செய்வது? வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்குத்தான், அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகள். பாட்டி காலத்துக் கோலம், பழையது என்பதாலேயே அதில் சேராது.

அப்படி எடுத்துக்கொள்வது வெளியிலும் நடக்கிறது. 2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றைப் பிராடா நிறுவனம் நடக்கவிட்டது. இங்கே கூச்சல் எழுந்த பிறகுதான் அது இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் தங்கள் பெயரையே வணிகக் குறியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் பெயரில் பொருள் விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மீது 2012-இல் வழக்குப் போட முடிந்தது, 2016-இல் சமரசமானது. முன்னது மரியாதை கேட்டு வாங்கிய கதை. பின்னது உடைமை கையில் இருந்த கதை. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். விளம்பரப் படத்தில் தோடர் முகமும் பில்லில் வேறொருவர் பெயரும் இருந்தால், அதைப் பிரதிநிதித்துவம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் நிறைய இருளர் பழங்குடியினர் உண்டு. அவர்களுக்கென்று பேர்பெற்ற உடை இல்லை, அதனால் எந்த ஃபேஷன் கேமராவும் இங்கே வருவதில்லை. ஆனால் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் இருளர்கள். பாம்பு விஷத்தை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பது சங்கம்.

விஷத்துக்கு முடிந்தது பூவேலைக்கு முடியாதா? தோடர் பெண்களே உறுப்பினர்களாக இருந்து, தைத்தவர் பெயரைச் சீட்டில் போட்டு, விலையையும் தாங்களே எழுதும் ஒரு சங்கத்துக்கு அரசு முதல் போடட்டும். பூம்புகாரும் கோ-ஆப்டெக்ஸும் விற்றுக் கொடுக்கிற வேலையைப் பார்க்கட்டும்.