அவுட்வர்டு ரிஜிஸ்டர்

இந்த உலகத்தில் இலவச ஆலோசனை அதிகமாகக் கிடைக்கப் பெறும் ஜீவன் யார்? டெபாசிட் போன வேட்பாளர் என்று நினைத்தால் தப்பு. பிள்ளை பெற்று மூன்று நாளான பெண்!

"ரெண்டு மணிக்கு ஒரு தரம் பால் கொடு" என்பார் ஒருத்தர். "ஐயோ, மூணு மணி நேரமாவது விடணும், இல்லேன்னா செரிக்காது" என்பார் அடுத்தவர். "அழுதா கொடு, தூங்குற பிள்ளையை எழுப்பாதே" - இது எதிர் வீட்டு அக்கா. "நாங்க என்ன கடிகாரமா பாத்தோம்? ஏழு பெத்தேன்" - இது ஆச்சி. போதாக்குறைக்கு செல்போனில் ஒரு ஆப் வேறு, 'டிங்' என்று மணியடித்து பால் நேரத்தை ஞாபகப்படுத்துகிறது.

இத்தனை பேருக்கும் நடுவே, ஹால் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஆறிப்போன காபி டம்ளருடன் ஒரு ஆசாமி உட்கார்ந்திருப்பார். எழுந்தால், "நீங்க உக்காருங்க மாப்ளே" என்பார்கள். உட்கார்ந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்தான் குழந்தையின் அப்பா. இந்த வாரம் அவருக்காக எழுதுகிறேன்.

'பால் கொடுப்பது லேடீஸ் சமாச்சாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சார். உங்களுக்கு ஒரு போஸ்டிங் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு, அதாவது 24 மணி நேரத்தில், 8-லிருந்து 12 தடவை பால் குடிக்கும். குட்டி வயிறு, சீக்கிரம் செரிக்கிற பால். அதனால் அடிக்கடி பசிக்கும். ஆனால் சம இடைவெளியில் பசிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மத்தியானம் மூணு மணி நேரம் ஒரே தூக்கம், சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் நாலு தடவை விருந்து என்றெல்லாம் நடக்கும். அது பல குழந்தைகளின் வழக்கம். "பால் பத்தலை, அதான் விடாம கேக்குது" என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம்.

அப்படியானால் இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது?

நியூசிலாந்தில் டாக்டர் ட்ரூபி கிங் என்று ஒருவர் இருந்தார். மனநோய் மருத்துவமனை ஒன்றின் சூப்பரின்டென்டென்ட். 1907-ல் பிளங்கெட் சொசைட்டி என்ற தாய்-சேய் நல அமைப்பை ஆரம்பித்தார். சுத்தம், காற்றோட்டம், தாய்ப்பால் என்று நல்ல விஷயங்கள் நிறையச் சொன்னார். கூடவே ஒன்று: நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால், ராத்திரியில் கிடையாது! அழுதால் அழட்டும், ஒழுக்கம் வரும் என்பது சித்தாந்தம். பிறந்து பத்து நாள் ஆகாத ஆசாமிக்கு ஒழுக்கம்! இந்த டைம்டேபிள் இங்கிலாந்து வரைக்கும் போய்க் கொடிகட்டிப் பறந்தது. 1946-ல் அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் 'இவ்வளவு கெடுபிடி வேண்டாம்' என்று பிடியைத் தளர்த்தியது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சொல்வது இதுதான்: பிறந்த 1 மணி நேரத்துக்குள் ஆரம்பியுங்கள், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், இரவோ பகலோ குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

ஆச்சி கட்சி ஜெயித்துவிட்டது!

'கேட்கும்போதெல்லாம்' என்றால், எப்படிக் கேட்கும்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இன்கிரிமென்ட் வாங்குவதற்கு அது சரி. பிறந்த குழந்தைக்குச் சரிப்படாது. குழந்தைக்கு அழுகை என்பது கடைசி ரிமைண்டர். அதற்கு முன்னால் மூன்று மெமோ அனுப்பியிருக்கும். உதட்டைச் சப்புக்கொட்டும். கையை வாய்க்குக் கொண்டுபோகும். கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடும். இந்தக் கட்டத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டால் சமர்த்தாகக் குடிக்கும். வீறிட்டு அழ ஆரம்பித்த பிறகு கொடுத்தால் வாய் சரியாகப் பிடிக்காது. முதலில் சமாதானப் பேச்சு வார்த்தை நடத்த வேண்டும்.

இந்த மெமோக்களைப் படிக்க எம்.பி.பி.எஸ். தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் போதும். பிரசவித்தவள் அசந்து தூங்கும் நேரத்தில் அந்த ஆள் நீங்களாக இருக்கலாமே?

அடுத்தது, 'பால் பத்தலை' என்கிற குற்றச்சாட்டு. பச்சை உடம்புக்காரியை இதைவிட நோகடிக்கிற வார்த்தை கிடையாது. தாய்ப்பால் சுரப்பது டாங்க்கில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரி அல்ல. எடுக்க எடுக்க ஊறும் கிணறு மாதிரி. குழந்தை குடித்துக் காலி செய்தால் உடம்பு 'ஓஹோ, தேவை இருக்கிறது' என்று இன்னும் சுரக்கும். தேங்கி நின்றால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இப்போது என்ன நடக்கிறது? யாரோ ஒரு பெரியவர், "ஒரு சங்கு சீனித் தண்ணி கொடுங்க, பிள்ளை தூங்கும்" என்கிறார். பிள்ளை தூங்குகிறது. ஒரு வேளை பால் எடுக்கப்படவில்லை. கிணறு கொஞ்சம் வற்றுகிறது. மறுநாள் பிள்ளைக்குப் போதவில்லை. "நான்தான் சொன்னேனே, பால் பத்தலைன்னு!" என்று அதே பெரியவர் அடுத்த சங்கோடு வருகிறார்.

பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் தாராளமாகச் செய்து போடட்டும், சாப்பிட ருசிதான். ஆனால் பால் ஊறுவதற்கு முதல் மருந்து, குழந்தை வாய் வைத்து அடிக்கடி குடிப்பதுதான். ராத்திரி குடிப்பதற்கு இதில் விசேஷப் பங்கு. பாலைச் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ட்ரூபி கிங் தடை போட்டது சரியாக அந்த ஷிஃப்டைத்தான்!

சேனை வைக்கிறேன் என்று தேனோடு வருகிறவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் நரம்புகளை முடக்கிவிடும். அக்னி நட்சத்திர வெயிலிலும் 6 மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

இதுவரை சொன்னதை வைத்து, "சரி, கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது.

கேட்காத குழந்தைகளும் உண்டு.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். ஆபீஸில் எக்ஸெல் புலி. போன வருஷம் மகள் பிறந்தவுடன், ஆஸ்பத்திரியிலேயே லேப்டாப்பைத் திறந்து ஷீட் போட்டுவிட்டார். எத்தனை மணிக்குக் குடித்தது, எத்தனை நிமிஷம், இடதா வலதா... கலர் கலராகக் கட்டங்கள். வார்டில் இருந்த வயதான சிஸ்டர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "சார், உள்ளே எவ்வளவு போச்சுன்னு உங்களால அளக்க முடியாது. வெளியே வர்றதை எழுதுங்க."

அதாவது, இன்வர்டு ரிஜிஸ்டரை மூடு, அவுட்வர்டு ரிஜிஸ்டரைத் திற!

சிஸ்டர் சொன்ன கணக்கு ரொம்ப எளிசு. முதல் நாள் குறைந்தது ஒரு ஈரத் துணி. ரெண்டாம் நாள் ரெண்டு. மூணாம் நாள் மூணு. இப்படியே ஏறி, அஞ்சாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு அல்லது அதற்கும் மேல். அதேபோல, முதலில் தார் மாதிரி கறுப்பாகப் போவது, நாலைந்து நாளில் மஞ்சளாக மாறிவிட வேண்டும். இது ரெண்டும் சரியாக இருந்தால், பால் போதுமான அளவு உள்ளே போகிறது என்று அர்த்தம். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நாலாம் நாள். கோவில்பட்டியில் மாமியார் வீடு. வருகிறவர்கள் எல்லாரும், "பிள்ளை என்ன சமத்து! அழுற சத்தமே கேக்கலியே" என்று திருஷ்டி கழிக்கிறார்கள். தொட்டிலில் ஒரே தூக்கம். நண்பர் மட்டும் ரிஜிஸ்டரைப் பார்க்கிறார். நேற்று ராத்திரியிலிருந்து ஒரே ஒரு ஈரத் துணி. போவதும் இன்னும் கறுப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், முகத்தோடு வயிறும் மஞ்சளாகத் தெரிகிறது.

"அத்தை, நாம ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"தூங்குற பிள்ளையை ஏன் மாப்ளே அலைக்கழிக்கணும்? பச்சப் பிள்ளைக்கு மஞ்சள் சகஜம்தான். காலையில வெயில்ல காட்டிக்கலாம்."

"இல்ல அத்தை, கணக்கு இடிக்குது. நான் ஆட்டோ கூப்பிடறேன்."

மாப்பிள்ளை என்ற பதவியை நம் ஊரில் உருப்படியாக யாராவது பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால், என் பார்வையில் அன்றைக்கு அவர்தான். டாக்டர் பார்த்தவுடன் ரத்தப் பரிசோதனை எடுத்து, நீல விளக்கின் கீழே படுக்க வைத்துவிட்டார். விஷயம் இதுதான்: பால் குறைவாகக் குடித்தால் மஞ்சள் காமாலை ஏறும். காமாலை ஏறினால் குழந்தை சோர்ந்து தூங்கும். தூங்கினால் பால் கேட்காது. இது ஒரு சுழல். சமர்த்து என்று எல்லாரும் கொஞ்சியது சமர்த்தே இல்லை, சோர்வு. காமாலை அளவு மீறினால் மூளையைக்கூடப் பாதிக்கும்.

ரெண்டு நாள். ரெண்டு மணிக்கு ஒரு தரம் எழுப்பிப் பால். வாய் வைத்துக் குடிக்கத் தெம்பில்லாத வேளைகளில், அம்மா பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக. மூன்றாம் நாள் காலை மகள் ஊரே கேட்கும்படி அழுதாள். நண்பர் வாட்ஸ்அப்பில் அந்த அழுகையை ரெக்கார்டு செய்து எனக்கு அனுப்பினார். இளையராஜா ரேஞ்சுக்கு ரசித்துக் கேட்டேன்.

ஆகவே, விதி இது. கேட்கும்போதெல்லாம் கொடு, கேட்காமல் மூணு மணி நேரம் ஆகிவிட்டால் எழுப்பிக் கொடு. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும்; ரெண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அதுவரை இரவு உட்பட இந்த எழுப்புகிற டியூட்டி உண்டு. அப்புறம் எடை நன்றாக ஏறுகிறது என்று டாக்டர் சொன்னால், அது தூங்குகிற நேரம் நீங்களும் தூங்கலாம். எழுப்புவது எப்படி? துணியை மாற்றுங்கள், உள்ளங்காலை வருடுங்கள், அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்க வையுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் டாக்டர் சொல்கிற மணிக்கணக்குதான் சட்டம். அங்கே கடிகாரத்துக்கு மரியாதை உண்டு.

பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டால் அல்லது சில்லிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், ஆலோசனைக் கமிட்டியைக் கூட்டாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. வண்டி கிடைக்கவில்லையா, 108.

சில தாய்மார்களுக்கு உடல்நிலை காரணமாகத் தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகலாம். டாக்டர் சொல்லிப் புட்டிப்பால் பவுடர் கொடுக்கிறார்கள் என்றால் அது குற்றமில்லை. அந்தப் பெண்ணை யாரும் கூண்டில் ஏற்ற வேண்டாம். டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து, அதே மெமோக்களைப் பார்த்துக் கொடுக்கலாம். அவுட்வர்டு ரிஜிஸ்டர் அவர்களுக்கும் பொது. ஆனால் டாக்டர் சொல்லாமல், எதிர் வீட்டில் சொன்னார்கள் என்று டப்பா வாங்கி வராதீர்கள். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்தாயிற்று. எதிர் வீட்டு அக்காவின் வாய்க்கு எந்தச் சட்டம் போடுவது?

இப்போது உங்கள் போஸ்டிங் ஆர்டர். மத்திய அரசு ஊழியர் என்றால் குழந்தை பிறந்ததற்கு 15 நாள் லீவு உண்டு. மற்றவர்கள் கம்பெனியைக் கெஞ்சியோ கொஞ்சியோ வாங்குங்கள். வாங்கிய லீவில் மாமியார் வீட்டு டி.வி.யில் கிரிக்கெட் பார்க்க வேண்டாம். மனைவி பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள்; கடுமையாகத் தாகமெடுக்கும். குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வையுங்கள். ராத்திரி துணி மாற்றுவது உங்கள் ஷிஃப்ட். முதல் வாரமாவது பகலில் டயப்பரைத் தள்ளி வைத்து, பழைய காட்டன் வேட்டியைக் கிழித்துத் துணி கட்டுங்கள். டயப்பர் ஈரத்தை மறைத்துக் கணக்கைக் கெடுக்கும். பார்க்க வருகிறவர்கள் "பால் இருக்கா?" என்று ஆரம்பித்தால், "ஆறு துணி நனைஞ்சுது சார்" என்று புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லுங்கள். ஆடிப்போய்விடுவார்கள்.

சம்பளம் இல்லாத வேலைதான். பயணப்படி கிடையாது. ரிடயர்மென்ட்டும் கிடையாது. ஆனால் எந்த ஆபீஸிலும் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. இங்கே வேலை சரியாக நடக்கிறதா என்பதை மேலதிகாரியே உங்கள் மடியை நனைத்துச் சொல்லிவிடுவார்!