மாரிக்கு முன் மணலடிக் குளத்தைக் காப்போம்

ஐப்பசி மழைக்கு முன்னர் கற்பிட்டித் தோட்டங்களில் ஒரு காட்சியைக் காண்கின்றோம். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசி, சாக்கினால் மூடி வைக்கின்றனர். ஸ்பிரிங்ளர் குழாய்களைச் சுருட்டிக் கொட்டிலில் சேர்க்கின்றனர். நல்ல வழக்கமே. கடன்பட்டு வாங்கிய இயந்திரத்தைத் துருப்பிடிக்க விடலாமா? ஆனால் அதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையேனும் கிணற்றுக்குக் கொடுக்கின்றோமா என்பதே எமது கேள்வி.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்தவர்களுள் மன்னார், முசலிப் பகுதிகளில் குளத்தை நம்பி வயல் செய்த குடும்பங்கள் பல. காலபோகத்துக்கு முன் அங்கே நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் கூடும். குளக்கட்டில் பற்றை வெட்டப்படும். துருசு பார்க்கப்படும். வாய்க்கால் துப்புரவாகும். வேலைக்கு வராதவரை ஊர் சும்மா விடாது. குளம் பொது; ஆகவே உழைப்பும் பொது.

இங்கே குளமில்லை, ஆளுக்கொரு கிணறுதான் என்று நினைக்கின்றோம். அது தவறு. இங்கும் ஒரு குளம் உண்டு. அது மணலுக்கு அடியில் இருக்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இரண்டுக்கும் நடுவே பெய்யும் மழை மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்தால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞரின் பொதுக் கணக்கு. மட்டம் ஓர் அடி இறங்கினால் இழப்பும் அதே கணக்கில்தான். எல்லாக் கிணறுகளும் இந்த ஒரே குளத்தின் வாய்களே.

மாரி இந்தக் குளத்தை நிரப்புகின்றது. மேலே கிடக்கும் அழுக்கையும் அதே மழைதான் கீழே கொண்டு செல்கின்றது. மணலுக்குப் பசளையைப் பிடித்து வைக்கும் வல்லமை குறைவு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகி நிலநீரைச் சேருகின்றது. கற்பிட்டித் தோட்டக் கிணறுகளில் அது அளவு மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டனர். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மீறினால் புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கே முதல் ஆபத்து. உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

எனவே மாரிக்கு முன் செய்ய வேண்டியவை சில. கிணற்றுக்கட்டு வெடித்திருந்தால் பூசி, வெள்ளம் உள்ளே வழியாதபடி உயர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் சிந்திய மண்ணையும், எருக்குவியலையும், வெற்றுக் கிருமிநாசினிப் போத்தல்களையும் கிணற்றடியிலிருந்து அகற்ற வேண்டும். கைவிட்ட கிணற்றைக் குப்பைக் குழியாக்கக் கூடாது. பெருமழை இருட்டும்போது யூரியா வீசக் கூடாது. பயிருக்குத் தேவையானதைச் சிறுகச் சிறுக இட்டால் காசும் மிஞ்சும், நீரும் மிஞ்சும்.

“காணி எங்களுடையதல்லவே, ஃபாதர். அடுத்த போகம் யாருக்கோ! கிணற்றுக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்று குத்தகைக்காரர் எம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. குத்தகை வாங்கும் சொந்தக்காரரும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கிணறு திருத்தும் செலவைக் குத்தகையில் கழிப்பதென்று பேசி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதேவேளை, குத்தகை ஒரு போகத்துக்கானாலும் குடிக்கும் நீர் ஒரு போகத்துக்கானதல்ல. 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றினர். பேரப்பிள்ளைகள் குடிப்பது இந்த மணலின் நீரையே.

உள்ளூரார், வந்தோர் என்று நீருக்குப் பேதம் தெரியாது. “அவர்களால்தான் நீர் கெட்டது” என்று ஒருவரையொருவர் குறை சொல்லி எந்தக் கிணறும் சுத்தமானதில்லை. முதல் மழைக்கு முன், கமக்காரர் அமைப்பில் இரு சாராரும் ஒருமுறை கூடுங்கள். ஒரு நாள் சிரமதானத்தில் பொதுக் கிணற்றிலிருந்து தொடங்குங்கள். குளம் காத்த கைகள் உங்களுடையவை. இந்தக் குளத்தையும் அவை காக்கும் என்று நம்புகின்றோம்.