நாலு டிரான்ஸ்பார்மர் தாண்டி வந்த கரண்டு ஐந்தாவதில் சாகலாமா?



நவரை நெல் பால் பிடிக்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணி பாய்ந்தால் மூட்டை வீடு வந்து சேரும். அந்த நேரம் பார்த்து ராத்திரி "டமார்" என்று ஒரு சத்தம். விடிந்து போய்ப் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் அடியில் எண்ணெய் ஊற்றிக் கிடக்கிறது. முள்ளிப்பட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் ஊரில் நடந்ததைத்தான் சொல்கிறோம். ஊர் பேரும் ஆபீஸ் பேரும் இங்கே வேண்டாம். மாற்று டிரான்ஸ்பார்மர் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் கழனி பாளம் பாளமாக வெடித்து, கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தார்கள். ஏற்றி இறக்க டிராக்டர் வாடகையும் விவசாயி தலையில்தான்.

போய்க் கேட்டதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? "5 எச்.பி.ன்னு எழுதிக் குடுத்துட்டு 10 எச்.பி. ஓட்டறீங்க. எரியாம என்னா பண்ணும்?"

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தத் துண்டறிக்கை. அதைப் பேச வேண்டுமானால் டிரான்ஸ்பார்மர் என்ன வேலை செய்கிறது என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் கரண்டை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே சுற்றுகிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது. இரும்புத் தகடு அடுக்கிய ஒரு சட்டம், அதன்மேல் ஒன்றையொன்று தொடாத காயில்கள், சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய், அவ்வளவுதான். ஒரு காயிலில் கரண்டு திசை மாறி மாறி ஓடும்போது இரும்பில் காந்தமும் மாறுகிறது. அந்தக் காந்தம் அடுத்த காயிலில் கரண்டை எழுப்புகிறது. 1831-ல் இங்கிலாந்தில் பாரடே கண்டுபிடித்த சங்கதி இது. சுற்று கூடினால் வோல்ட் கூடும், குறைந்தால் குறையும்.

இது எதற்கு? கம்பியில் கரண்டை வீணாக்குவது ஆம்பியர். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடாகிப் போகும் நஷ்டம் நாலு மடங்கு. அதே கரண்டை வோல்ட்டை ஏற்றி அனுப்பினால் ஆம்பியர் இறங்கிவிடும். 1882-ல் எடிசன் நியூயார்க்கில் வைத்த மின் நிலையம் சுற்றுவட்டம் ஒரு மைலைத் தாண்டி விளக்கெரிக்கத் திணறியது. அவருடைய நேர் மின்சாரத்துக்கு டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. 1885-ல் ஹங்கேரி நாட்டு புடாபெஸ்டில் மூன்று பொறியாளர்கள் நல்ல டிரான்ஸ்பார்மர் செய்த பிறகுதான் கரண்டு ஊர் தாண்டி ஊர் போனது. நம் மாநிலத்தில் 1932-ல் நீலகிரி பைகாராவில் பிறந்த கரண்டு 66,000 வோல்ட்டில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போனது. அங்கே கவலை ஓட்டிக்கொண்டிருந்த கிணறுகளில் மோட்டார் ஏறியது.

மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இயந்திரத்தில் பிறக்கும்போது பதினைந்தாயிரம் வோல்ட் சொச்சம். முதல் டிரான்ஸ்பார்மர் அதை 2,30,000-க்கு ஏற்றுகிறது. பெரிய கோபுரங்களில் தாவி வந்து, இரண்டாவதில் 1,10,000, மூன்றாவதில் 33,000, நாலாவதில் 11,000 என்று இறங்குகிறது. சில இடத்தில் ஒரு படி குறையும், அல்லது 22,000-ல் நிற்கும். கடைசியாக நம் கொல்லை மேட்டில் இரண்டு கம்பத்துக்கு நடுவே தொங்குகிறதே, அதுதான் ஐந்தாவது. அது 433 வோல்ட் ஆக்கித் தருகிறது. மேலே நாலையும் காவல் போட்டு, கருவி வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஐந்தாவதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஈரம் உறிஞ்சும் டப்பாவில் நீலமாக இருக்க வேண்டிய மணி வெளுத்துச் சிவந்து கிடக்கிறது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று எப்போது பார்த்தார்கள்? அது எரிந்தால் மேலே நாலும் நன்றாக இருந்து நமக்கு என்ன லாபம்?

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று சுமார் பதினாறு 5 எச்.பி. மோட்டாரைத் தாங்கும். அதுவே 10 எச்.பி. என்றால் எட்டுதான். நம் அப்பன் பாட்டன் காலத்தில் திறந்த கிணற்றில் 5 எச்.பி. தாராளம். தண்ணி போர்வெல்லுக்குள் இறங்கிவிட்டது. நாமும் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினோம். ஆசைப்பட்டா பெரிய மோட்டார் வாங்கினோம்? பூமிக்குள்ளே தண்ணி இறங்கியதைக் காகிதத்தில் ஏற்றாமல், பழைய எச்.பி. கணக்கில் பழைய டிரான்ஸ்பார்மரையே தொங்கவிட்டிருப்பது யார் குற்றம்?

பாரம் கூடினால் கடைக்கோடி கொல்லையில் 415 வர வேண்டிய இடத்தில் 340 காட்டும். வோல்ட் குறைந்தால் மோட்டார் சும்மா இருக்காது. அதே தண்ணியைத் தூக்க ஆம்பியரை அதிகம் இழுக்கும். சூடேறிக் காயில் போகும். காயில் கட்டுகிற கடைக்காரருக்குத்தான் பட்டம் தவறாமல் மகசூல்! பட்டுத் தறி வைத்திருக்கும் வீட்டிலும் இதே கதைதான். தெருவும் கொல்லையும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால், சாயங்காலம் மோட்டார் ஓடும்போது விளக்கு மங்கி, ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியாது.

நம் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு பேஸ் வரும்போது கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டுகிறோம். பியூஸ் போனால் கையில் கிடைத்த தடிக் கம்பியை முறுக்கி வைக்கிறோம்; பியூஸ் போவது டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றத்தான் என்பது மறந்துபோகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லோரும் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். கரண்டு வந்த நொடியில் பதினைந்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஏற்கெனவே திணறுகிற டிரான்ஸ்பார்மர் என்ன ஆகும்? ஆளுக்கு இரண்டு நிமிஷம் முன்பின்னாக டைமர் வைத்துக்கொள்ளலாம். அதை நாமே பேசி முடிக்கலாம், எந்த ஆபீசுக்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் நிரந்தர வழி வேறு. பத்து 5 எச்.பி. மோட்டாருக்கு 415 வோல்ட்டில் 75 ஆம்பியர் ஓட வேண்டும். 11,000 வோல்ட்டில் 3 ஆம்பியர்கூட வேண்டாம். அதே கம்பி, அதே தூரம் என்றால் நஷ்டம் எழுநூறில் ஒரு பங்கு. அப்படியிருக்க, தூரத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை வைத்து மெல்லிய தாழ்வழுத்தக் கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் இழுப்பானேன்? உயர் அழுத்தக் கம்பியைக் கிணற்று மேடு வரை கொண்டுவந்து, மூன்று நாலு மோட்டாருக்கு ஒரு சின்ன 25 கே.வி.ஏ. வைக்கட்டும். ஒன்று எரிந்தாலும் ஊரே காயாது. ஆந்திராவில் 2000-களிலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். முள்ளிப்பட்டு விவசாயி கேட்டால் மட்டும் அதிசயமா?

"இலவச கரண்டுதானே, கிடைத்தவரை சரி" என்று சிலர் பேசுகிறார்கள். இலவசம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டு நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை விவசாயிகள் திரண்ட 1970-ல், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லோருக்கும் இலவசம் வந்தது. 2003-ல் பறிபோனது, 2004-ல் திரும்பக் கிடைத்தது. டிரான்ஸ்பார்மர் எரிந்து கிடக்கும் பன்னிரண்டு நாளில் அந்த இலவசம் எங்கே இருக்கிறது?

சட்டமும் நம் பக்கம்தான். 2003 மின்சாரச் சட்டம் 57-வது பிரிவு, பழுதைச் சரிசெய்யக் கெடு வைக்கவும், தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு கொடுக்கவும் சொல்கிறது. நம் மாநில ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு 2004-ல் விதியே போட்டிருக்கிறது. ஆகவே லைன்மேனிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மின்னகம் 94987 94987-ல் புகார் சொல்லி, நம்பரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கெடு எப்போது ஆரம்பித்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். சர்வீஸ் நம்பர், எந்த டிரான்ஸ்பார்மர், மூன்று வருஷத்தில் எத்தனை முறை காயில் கட்டினீர்கள், இப்போது உண்மையில் ஓடுகிற எச்.பி. எவ்வளவு என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குக் கை நடுங்கும், தெரியும். அபராதம் வருமோ என்ற பயம். அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் ஊர் மொத்தமாகக் கொடுக்கிறோம். உண்மையைச் சொன்னவனுக்கு அபராதம் கூடாது, சொன்ன எச்.பி.க்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை. படிவங்களைக் கட்டி, கலெக்டர் ஆபீசில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வைக்கப் போகிறோம். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். எரிந்த காயில் வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.